ஏழாம் தகட்டில் கிளீட்டஸின் கடல்

இராஜாக்கமங்கலம் துறைக்காரன் ஒருவன் ஆகாய விமானத்தில் ஏறிப் போய், கடலுக்கு அடியில் முங்கிக் கிடக்கும் ஒரு மாதா கோவிலைக் கண்டுவிட்டு வந்தான் என்பதுதான் எனக்கு முதலில் கிடைத்த சேதி. கொழும்பு ஐந்துலாம்புச் சந்தியில் கருவாட்டுக் கடை வைத்திருந்த ராஜையன் சொன்னான். அவனுக்குக் குளச்சல் தோணிக்காரன் ஒருவன் சொன்னானாம். தோணிக்காரனும் நேரில் பார்த்தவன் இல்லை. சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் பேசக் கேட்டவன்.

“ஆளு யாருடே?” என்று கேட்டேன்.

“கிளீட்டஸாம். கோவிலைக் கண்டதுலேருந்து பேச்சு நின்னு போச்சாம்.”

“பேச்சு நின்னவன் கோவிலைக் கண்டதா யாருகிட்டச் சொன்னான்?”

ராஜையன் தராசைக் கையில் எடுத்தான். “அதெல்லாம் எனக்குத் தெரியாது. கருவாடு வேணுமா, வேண்டாமா?”

கடல் தாண்டிப் பிழைக்கப் போனவனுக்கு ஊர்ச் சேதி பாதிதான் வந்து சேரும். மீதியைப் பயம் இட்டு நிரப்பும். கிளீட்டஸ் எனக்கு உறவில்லை. கோட்டாற்றில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வரும் லீமாவின் புருஷன், அவ்வளவுதான். ஆனாலும் அன்று இரவு படுக்கையில், விமானம் விழுந்திருக்குமோ, ஆள் செத்திருப்பானோ, எனக்குச் சொல்லாமல் மறைக்கிறார்களோ என்று என்னென்னவோ ஓடியது. அந்த விமானத்தில் வேறு யார் போயிருப்பார்கள் என்று நினைத்தபோது, குமாரதாசின் பெயர் தானாக வந்தது. நாகர்கோவிலில் படம் பிடிக்கிறேன் என்று ஆகாயத்தில் ஏறக்கூடிய பைத்தியம் வேறு யார்? தமிழையும் இங்கிலீஷையும் நானும் அவனும் ஒரே பெஞ்சில் இருந்து படித்தோம். நான் கப்பல் கம்பெனிக் கணக்கனானேன். அவன் ஸ்டுடியோ வைத்தான்.

மீன மாதம் லீவு கிடைத்து ஊருக்கு வந்த மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போனேன். குமாரதாஸ் முழுசாக இருந்தான். அவன் எதிரே ஸ்டூலில் சம்மணமிட்டு, கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறும் தோளில் துண்டுமாக, ஐம்பது வயது தாண்டிய கருத்த மனிதர் ஒருவர் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

“இதுதான் பேச்சு நின்னுபோன ஆளு,” என்றான் குமாரதாஸ். “உன்னால முடிஞ்சா ஒரு நாழிகை நிறுத்திக் காட்டு.”

கிளீட்டஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கொழும்புக்காரரா? லீமா சொல்லுவா. நெத்திலி வேண்டாம், நெய்மீன் கொண்டான்னு கேக்குக வீடுதானே?”

நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “கோவில் இல்ல சாரே. ஆனா முட்டுக்குத்திக் கும்பிடத் தோணிச்சு. அது நெசம்,” என்றார்.

*

அவர் வாழ்க்கையைச் சொல்வதானால் ஒரு பாறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடலுக்கு அடியில் மறைந்து கிடக்கும் பாறைத்திட்டைத் துறையில் பார் என்பார்கள். பார் இருக்கும் இடத்தில் கலவா மீன் இருக்கும். தண்ணீருக்கு மேலே எந்த அடையாளமும் கிடையாது. அதைக் கண்டுபிடிக்கக் கரையைத்தான் பார்க்க வேண்டும். இந்த மலை அந்தக் கோவில் கோபுரத்துக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். அதே நேரம் மறுபக்கத்தில் இன்னொரு மலையின் தோள் இன்ன பனைக்கூட்டத்தைத் தொட வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பொருந்துகிற இடத்தில் நங்கூரக் கல்லைப் போட்டால் அடியில் பார். இதற்குக் கணிச்சம் என்று பெயர்.

கிளீட்டஸின் அப்பன் சூசை ஒரு பாரைக் கண்டுபிடித்தார். அதன் கணிச்சத்தைத் துறையில் யாருக்கும் சொல்லவில்லை. சாகக் கிடந்தபோது மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு மகன் காதில் மட்டும் சொன்னார். அதுதான் அங்கே வழக்கம். சொந்தப் பாருக்குப் போகிறவன் நேராகப் போக மாட்டான். திரும்பும்போதும் நேராக வர மாட்டான். கிழக்கே கொஞ்சம், மேற்கே கொஞ்சம் என்று சுற்றித்தான் கரையேறுவான். தூரத்தில் வேறு கட்டுமரத்தில் இருப்பவன் பாய் வருகிற திசையைக் குறித்துக்கொள்ளக் கூடாதல்லவா? முப்பது வருடம் கிளீட்டஸ் அப்படித்தான் போனார், வந்தார். முப்பது வருடமும் அந்தப் பாரை அவர் பார்த்ததில்லை. அறுபது அடி, பத்துப் பாகம் ஆழத்தில், ஈயக்குண்டு கட்டிய கயிற்றின் நுனியில், அதைக் கையால் மட்டும் அறிந்திருந்தார். இந்த மூலையில் தூண்டில் சிக்கும், இங்கே ஒரு குழி, இங்கிருந்து சரிவு என்று, இருட்டில் வீட்டுக்குள் நடப்பவனைப் போல.

*

திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் அலுவலகத்துக்கு நம் கரையில் ஆறுகள் கடலில் விழும் பொழிமுகங்களையும் மணலையும் மேலிருந்து படமெடுத்துத் தர வேண்டியிருந்தது. வேலை குமாரதாசுக்குக் கிடைத்தது. அவன் ஒரு முறை பறந்து போய்ப் பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து வந்தான். கழுவிப் பார்த்தால் எல்லாத் தகட்டிலும் ஒரு வெள்ளைக் கோவில், ஒரு தென்னந்தோப்பு, ஒரு மணல்கரை. எந்த ஊர் பள்ளம், எது பெரியகாடு, எது இராஜாக்கமங்கலம் துறை என்று எடுத்தவனுக்கே தெரியவில்லை. கரையைக் கோவில் கோவிலாகச் சொல்லக்கூடிய ஒருவர் மறுபடி பறக்கும்போது கூட வேண்டும் என்று துறையில் போய்க் கேட்டான். எல்லாரும் கிளீட்டஸைக் காட்டினார்கள்.

லீமா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாளாம். “கடல்ல போனா பொணமாவது கரைக்கு வரும். வானத்துல போனா?”

“வானத்துல செத்தா மோட்சத்துக்குப் பாதி வழி மிச்சம், ஏட்டி.”

“ஆமா, நிங்க மோட்சத்துக்குத்தான் போவப்போறிய! பாவசங்கீர்த்தனம் பண்ணி எத்தன நாளாச்சு?”

மறுநாள் கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, திருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, கிளீட்டஸ் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறினார்.

அது மூன்று பேர் உட்காரும் சின்ன விமானம். முன்னால் பைலட் கிருஷ்ணமணி, பின்னால் இவர்கள் இருவரும். தலைக்கு மேலே சிறகு. குமாரதாசின் பக்கத்து ஜன்னலைக் கழற்றி, கேமராவைத் தாங்க ஓர் இரும்புச் சட்டம் பொருத்தியிருந்தார்கள். அந்தச் சட்டம் வந்ததிலிருந்து திசைகாட்டி முள் கோணலாக நிற்கிறது என்றும், கரையைக் கண்ணில் வைத்துக்கொண்டே பறந்தால் போதும் என்றும் கிருஷ்ணமணி சொன்னார். இடுப்பில் வாரைப் பூட்டியபோது கிளீட்டஸ், “கள்ளனைக் கட்டுக மாதிரி கெட்டுறியளே, எங்க கொண்டு போறிய?” என்று கேட்டாராம். அதற்குள் சக்கரம் தரையை விட்டுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லும்போது குரல் தானாகத் தணிந்தது. ஸ்டுடியோவுக்குள் கோவிலுக்குள் பேசுவது போலப் பேசினார்.

“மொதல்ல வயிறு மேல வந்துது. பொறவு ஒண்ணுமே இல்ல சாரே. ஆட்டமே இல்ல. கடல்ல அலை தூக்கும், போடும். இஞ்ச தூக்கினது தூக்கினதுதான், போடவே இல்ல. கீழ பாத்தேன். விழிஞ்ஞம் ஒரு சிப்பி கெணக்கக் கெடக்கு. நான் அஞ்சு மணி நேரம் தண்டு வலிச்சுப் போவுக தூரம், துண்டை ஒதறித் தோள்ல போடுக நேரத்துல போயிட்டு.”

குளச்சல் வந்தது, முட்டம் வந்தது. நிலத்தின் பக்கம் திரும்பினால் நாஞ்சில் நாடு முழுவதும் ஒரே பார்வையில் விரிந்தது. கும்பப்பூ நெல் பால் பிடிக்கும் சமயம். வயலெல்லாம் பச்சை, ஒரு பச்சை போல இன்னொன்று இல்லை. நடுநடுவே குளங்கள். விமானம் நகர நகரச் சூரியன் ஒவ்வொரு குளமாக இறங்கி ஏறியது. ஒரு குளம் பற்றியெரிந்து அணையும், அடுத்தது பற்றும். வேளிமலைக்கு அப்பால் மலைக்குப் பின் மலையாக நீலம் மங்கிக்கொண்டே போனது. குமரி முனையில் திரும்பியபோது நிலம் முடிகிற இடம் தெரிந்தது. “பூமி இவ்வளவுதானான்னு நெனச்சேன்,” என்றார் கிளீட்டஸ். “அடுத்த நிமிசமே, யாத்தே, இவ்வளவான்னு நெனச்சேன்.”

குமாரதாஸ் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைக் கொடுத்துப் படம் எடுத்தான். காற்றில் கண் நீரொழுகும். பார்க்காமலே எடுத்தது பாதி. ஒவ்வொரு தகடு மாற்றும்போதும் நம்பரைக் கத்துவான். கிளீட்டஸ் பதிலுக்கு ஊர்ப் பெயரைக் கத்துவார். ஆறாம் தகடு வரைக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

துறைக்கு நேரே வந்தபோதுதான் பிசகு நடந்தது. பொழிமுகமும் கோவிலும் பின்னால் மலையும் ஒரே படத்தில் வர வேண்டும் என்றான் குமாரதாஸ். எவ்வளவு தூரம் விலகினால் மலை கோபுரத்துக்குப் பின்னால் வந்து நிற்கும் என்று கிளீட்டஸிடம் கேட்டான். கிளீட்டஸுக்கு அது பாலபாடம். “வெளிய போவச் சொல்லு. வெளிய போவப் போவ மலை எழும்பும்,” என்றார்.

விமானம் கடலுக்கு மேலே விலகிப் போனது. மலை எழும்பவில்லை.

“இன்னும் வெளிய!”

எழும்பவில்லை. கட்டுமரத்தில் இருந்து பார்க்கிறவனுக்குக் கோபுரம் நிமிர்ந்து நிற்கும், மலை அதன் பின்னால் ஏறும். மூவாயிரம் அடி உயரத்தில் கோபுரம் ஒரு சுண்ணாம்புப் புள்ளி. மலை தரையில் பாய் போலப் படுத்துக் கிடந்தது. கரையையே நம்பி வாழ்ந்த கண் கரை பொய் சொல்கிறது என்று ஒப்புக்கொள்ளவில்லை. “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, மத்தியான வெயிலில் கடலிலிருந்து கிளம்பிய வெள்ளை மூட்டம் கரையை மெல்ல அழித்துவிட்டது. கோவிலும் இல்லை, மலையும் இல்லை. சூரியன் தலைக்கு மேலே சிறகுக்கு மறைவில். சுற்றிலும் பால் போல ஒரே வெளுப்பு.

கிருஷ்ணமணி திரும்பிப் பார்த்து, “கரை எவிடே?” என்று கேட்டார். பிறகு பெட்ரோல் முள்ளைத் தொட்டுக் காட்டினார். அது கால் பங்குக்கும் கீழே இருந்தது.

குமாரதாஸ் என்னிடம் சொன்னான்: “அந்த நேரம் எனக்கு ஜெபம்கூட வரல்ல. ஞாயிறு பள்ளிக்கூடத்துல படிச்சதெல்லாம் போச்சு. வாய்க்குள்ள தகடு நம்பர்தான் வந்துது.”

பக்கவாட்டில் பார்த்தால்தான் மூட்டம். நேர் கீழே தெளிவாக இருந்தது. கிளீட்டஸ் குனிந்து கீழே பார்த்தார். பச்சைத் தண்ணீருக்குள் கருநீலமாக ஒரு திட்டு. தலை பருத்து, நடுவில் ஒரு பக்கம் கடித்தெடுத்தது போல ஒரு குழி, பின்னால் ஒடுங்கி நீண்ட வால். அதன் மேல் தண்ணீரின் நிறமே வேறு.

“கண்ணுதான் புதுசாப் பாத்துது சாரே. கைக்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் குழியைப் பாத்த ஒடனே வெரல் ரெண்டும் தானா மடங்கிச்சு. எத்தன தூண்டிலை அங்க விட்டிருக்கேன்! எனக்க அப்பன் எனக்குத் தந்தது இவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஒரு ஊரு கெடக்கு, கீழ. நாங்க அதுக்க கூரையில நின்னு முப்பது வருசம் பிச்ச எடுத்திருக்கோம்.”

அவர் “எனக்க பாரு! எனக்க பாரு!” என்று அலறினார். என்ன ஏதென்று தெரியாமலே குமாரதாஸ் கேமராவை நேர் கீழே திருப்பி அழுத்தினான். அது ஏழாம் தகடு.

பாரின் வால் கரையைப் பார்த்துக் கிடக்கும். கயிறு இழுபடுகிற விதத்தில் அது கிளீட்டஸுக்கு எப்போதோ தெரியும். வால் காட்டுகிற திசையில் போனால் நாலைந்து நிமிடத்தில் கரை. அவர் கை நீட்டி வழி காட்டினார், கிருஷ்ணமணி திருப்பினார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் கை காட்டினார், மறுபடியும் திருப்பினார். மூட்டம் கலைந்தபோது எதிரே முட்டம் கலங்கரை விளக்கம் நின்றது. அங்கே இறங்க இடமில்லை, எல்லாம் பாறை. அங்கிருந்து கரையோரமாக வந்து, அலை நனைத்த கெட்டி மணலில் துறைக்கு அருகிலேயே இறங்கினார்கள். முள் அடியைத் தொட்டிருந்தது. ஊரே ஓடி வந்தது. முதலில் வந்தவள் லீமா. புருஷன் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு அப்புறம்தான் அழுதாளாம்.

*

இருட்டறையில் தகடு கழுவும்போது கிளீட்டஸ் கூடவே இருந்தார். சிவப்பு விளக்கில், தட்டில் ஆடும் மருந்துத் தண்ணீருக்குள் பார் இரண்டாம் முறை மெல்ல எழும்பி வந்தது. தண்ணீருக்குள் கையை விடப் போனவரைக் குமாரதாஸ் பிடித்து இழுத்தான். காகிதத்தில் அச்சிட்டு அவருக்கு ஒரு படம் கொடுத்தான். வீட்டில் லீமா அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாளாம். துறையில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை. “இதுக்க மேலயா நிங்க இத்தன காலமா இருந்தது?” என்று ஒரு முறை கேட்டாள். பிறகு படத்தை மாதா சுரூபத்துக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டாள். மாதா கோவில் கதை அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

சர்க்கார் அலுவலகத்தில் மற்ற எல்லாப் படங்களையும் விட்டுவிட்டு ஏழாம் தகட்டையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஆனால் அதில் கரை இல்லை. வெறும் கடலும் கரும்பாறையும்தான். எந்த இடம் என்று குமாரதாசுக்குத் தெரியாது. கிருஷ்ணமணி கரைக்கு வர எட்டு நிமிடம் என்றார், குமாரதாஸ் பதினைந்து என்றான். தெரிந்தவர் ஒருவர்தான். அந்த இடத்தைச் சொன்னால் கடல் வரைபடத்தில் பாரைக் குறித்து அவர் பெயரையே வைப்பார்களாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது: களியக்காவிளைக்கு நேரே உள்ள கடலில் தொடங்கிக் குமரி வரைக்கும் எல்லாப் பார்களையும் மேலிருந்து படமெடுக்க விமானம் தருவார்கள். குமாரதாசும் கிளீட்டஸும் மாதம் முழுக்கப் பறக்கலாம். சொல்லாவிட்டால் இதோடு முடிந்தது.

நான் கொழும்புக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் இருந்தபோது குமாரதாஸ் திருவனந்தபுரம் போனான். போகுமுன் என்னிடம், “நாளைக்குப் பதினொரு மணிக்கு அங்கேயிருந்து டெலிபோன் பண்ணுவேன். ஆபீசர் பக்கத்துல இருப்பார். கிளீட்டஸை உக்கார வச்சுக்கிட்டு நீ எடுத்து அவர் கையில குடு. அவருக்கு அதைப் பிடிக்கத் தெரியாது,” என்றான். ஸ்டுடியோவுக்கு டெலிபோன் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்கு மேல் பூத்துண்டு போட்டு மூடி வைத்திருந்தான்.

கிளீட்டஸ் பத்து மணிக்கே வந்துவிட்டார். மாதாவுக்குப் பின்னாலிருந்து எடுத்த படம் கையில். அன்று அவரிடம் பேச்சே இல்லை. ராஜையன் சொன்னது இப்போது உண்மையாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

“மறுபடியும் போவ ஆசையா இருக்கா?” என்று கேட்டேன்.

“ஆசையா?” அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். “ராத்திரி பாயில கெடந்தா பாயி மேல பொங்குது சாரே. லீமா துண்டைப் பிடிச்சு இழுக்கா. இன்னொரு தடவ மேல நின்னு அதைப் பாத்துட்டாப் போதும், பொறவு கண்ணு தெரியலேன்னாலும் பரவாயில்ல.”

“அப்ப சொல்லிரும். ஒரு வார்த்தைதானே?”

“எனக்க அப்பன் அந்த ஒரு வார்த்தைக்கு வீட்டுல உள்ள எல்லாரையும் வெளிய போவச் சொன்னாரு.” கொஞ்ச நேரம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு காரியம் சொல்லட்டா? குமாரதாசுகிட்டச் சொல்லப்பிடாது.”

“சொல்லும்.”

“அன்னைக்கு வாலு கரையைக் காட்டிக்கிட்டுக் கெடந்துது. நேராப் போயிருந்தா நாலு நிமிசம். நான் நேராக் காட்டல்ல. அலை மடிப்பைப் பாத்து மேக்க திருப்பி விட்டேன், பொறவு வடக்க. முட்டத்துல கொண்டு போய் ஏத்தினேன். பாருலேருந்து வரும்பம் சுத்தித்தானே வரணும்? கையி தன்னால காட்டிட்டு. அந்த முள்ளு கீழ எறங்குகத நானும் பாத்தேன். பாத்துக்கிட்டே சுத்த விட்டேன். மூணு உசிரு சாரே. அதுல ரெண்டு எனக்க உசிரு இல்ல.”

கீழே அந்தக் கரும்பாறை, மேலே வெள்ளை மூட்டம், இறங்குகிற முள், நீட்டிய ஒரு கை எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. சாவு பக்கத்தில் நிற்கும்போதும் அந்தக் கை தன் கடலைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத் தப்பு என்பதா, என்னவென்பதா?

“குமாரதாசுக்கு நான் கடன்பட்டவன்,” என்றார் அவர். “அதுக்காகவாவது சொல்லணும். இல்லையா? நிங்க படிச்ச ஆளு, சொல்லும்.”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் பதினொன்றைத் தொட்டிருந்தது.

பூத்துண்டுக்கு அடியில் டெலிபோன் மணி அடித்தது.

கொழும்பில் எங்கள் அலுவலகத்தில் அந்தச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவேன், ஊரிலிருந்து என்ன வந்திருக்கிறதோ என்று. இங்கேயும் எழுந்துவிட்டேன். துண்டை விலக்கிக் கையைக் கருவியின் மேல் வைத்தேன். மணியின் நடுக்கம் உள்ளங்கையில் ஏறியது. நாற்பது கல்லுக்கு அந்தப் பக்கம் குமாரதாஸ் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் ஆபீசர் பென்சிலைக் கூர் சீவிக் காத்திருப்பார்.

“சாரே,” என்றார் கிளீட்டஸ்.

திரும்பினேன். அவர் படத்தை மடியில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் மூடியிருந்தார். பாறை தெரியவில்லை. விரல் இடுக்கில் கொஞ்சம் கடல் மட்டும் தெரிந்தது. கண்கள் ஜன்னலுக்கு வெளியே, கூரைகளுக்கு மேலே இருந்தன.

“கொஞ்சம் நில்லும்,” என்றார். “அது இன்னும் எத்தன தடவ அடிக்கும்?”

தெரியாது என்றேன். மணி அடித்துக்கொண்டிருந்தது.